சாவி பலர் கையில் இருக்கட்டும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

நான் கடைமடைப் பகுதியில் அறிவியல் ஆசிரியை. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு மழைமானி செய்தோம். பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டினோம். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருந்ததால் கூழாங்கல் போட்டு, ஸ்கேலின் பூஜ்யம் வரை தண்ணீர் ஊற்றினோம். வானிலைத் துறை போலவே காலை 8.30-க்கு அளவெடுக்க முடிவானது. “சனி, ஞாயிறு யாரு டீச்சர் பாப்பாங்க?” என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கை தூக்கினான். அவன் அம்மா பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். அன்றைய தலைமையாசிரியர் கேட் சாவி ஒன்றை அந்த அம்மாவிடமே கொடுத்தார். வாசல் கரும்பலகையில் தினமும் அளவு எழுதினோம். நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்குமோ என்று தவித்த விவசாயிகள் சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் அந்தத் தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனார். சாவியைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். பாட்டில் பழைய பேப்பரோடு போய்விட்டது. புதிதாக வந்தவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எமிஸ் என்னும் பள்ளித் தகவல் இணையதளத்தில் பதிவு, சுற்றறிக்கை, மாவட்டக் கூட்டம் என்று ஒரே ஆள் எத்தனையைப் பார்ப்பார்? எங்கள் மழைமானி ஒருவருடைய நல்ல மனதை மட்டும் நம்பி நின்றது. தப்பு அங்கேதான்.

‘ஏதாவது ஆனால் என்னைத்தானே கேட்பார்கள்’ என்ற உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் கேட்கிறேன்: புது முயற்சி எதுவானாலும் ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர்கள், ஒரு பெற்றோர் பெயரில் மேலாண்மைக் குழுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். கேள்வி வந்தால் நாங்களும் உங்களோடு நிற்போம். மாணவர்களில் ஒருவர் எட்டாம் வகுப்பாக இருக்கட்டும். பெரிய பிள்ளைகளைப் பொதுத்தேர்வு இழுத்துக்கொள்ளும். அப்புறம், 2009 கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நாற்றுப் பறித்துவிட்டு ஈரச் சேலையோடு கூட்டத்துக்கு வரும் அம்மாக்களைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். மழையும் வயலும் நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.

இந்த வருடம் புதிதாக ஒரு பாட்டில் அறுத்து வைத்திருக்கிறோம். ஐப்பசிக்கு முன் தீர்மானம் வேண்டும். சாவியும் வேண்டும்.

அன்புடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை