மூன்று கார்டு 'ஹவானா'

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரி விழாவில் கமிலா கபெயோவின் 'ஹவானா' பாடுகிறாள், கீபோர்டில் நீயே உட்காரப்போகிறாய் என்பதில் ரொம்ப சந்தோஷம். மூணே கார்டுதானே (சேர்த்து அழுத்துகிற ஸ்வரக் கூட்டு) என்று அசட்டையாக இருந்துவிடாதே. கவிழ்கிறவர்கள் எல்லாம் அந்த மூன்றில்தான் கவிழ்கிறார்கள்.

சுருதி ஐந்து கட்டை. முதல் பாரில், அதாவது முதல் நாலு தட்டில், ஜி மைனரும் ஈ ஃபிளாட் மேஜரும், அடுத்த பார் முழுக்க டி செவன். ஏறக்குறைய பாட்டு முழுக்க இந்தச் சுற்றுதான். வலது கையைத் தாவவிடாதே. ஜி, பி ஃபிளாட், டி பிடித்திருக்கும்போது டி-யை மட்டும் அரை ஸ்வரம் ஏற்றினால் ஈ ஃபிளாட் கார்டு வந்துவிடும். அங்கிருந்து மூன்று விரலையும் அரை ஸ்வரம் இறக்கினால் எஃப் ஷார்ப், ஏ, டி. நடுவில் சி-யைச் சேர்த்துக்கொள், டி செவன் ஆச்சு.

அந்த எஃப் ஷார்ப்பில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது. ஜி-யை சட்ஜமாக வைத்து மூன்று கார்டின் ஸ்வரங்களையும் அடுக்கிப் பார், அப்படியே கீரவாணி ராகம். எஃப் ஷார்ப்தான் அதன் காகலி நிஷாதம், அதாவது மேல் நி. பழக்கதோஷத்தில் டி மைனரை அழுத்தினால் நிஷாதம் இறங்கி நடபைரவி ராகம் ஆகிவிடும்; திரும்ப ஜி-க்கு இழுக்கிற அந்த ஏக்கமே போய்விடும். மற்றவர்கள் பாடிப் போடுகிற கவர்களில் பாதி சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

வேகம் நிமிஷத்துக்கு 105 தட்டு. இடது கை தகிட தகிட தக, அதாவது ஒரு பாரின் எட்டு அரைத்தட்டில் 1, 4, 7. கியூபா இசையின் அடிப்படை நடை இது. கீபோர்டில் இருக்கிற 'சல்சா' ஸ்டைலைத் தட்டிவிடாதே, சந்தடி அதிகம். தயாரிப்பாளர் ஃபிராங்க் டியூக்ஸ் பியானோவைச் சுற்றி நிறைய இடம் விட்டிருக்கிறார். டிரம்ஸ் பேட் வாசிக்கிற பையன் அந்த இடத்தை ரோல் போட்டு அடைக்கப் பார்ப்பான், கையைக் கட்டிப்போடு.

சரணம் தாழ்ந்த குரலில், பேசுகிற மாதிரி போகும். 'ஊ நா நா' என்கிற இடம் கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ) மேலே. கட்டையை மாற்றுவதாக இருந்தால் சரணத்தின் கீழ் ஸ்வரம் மைக்கில் கேட்கிறதா என்று முதலில் பார். மேல் ஸ்தாயியை எப்படியும் சமாளித்துவிடலாம், கீழேதான் குரல் காணாமல் போகும். யங் தக்கின் ராப் பகுதியை விட்டுவிட்டு அங்கே டிரம்பெட் வைக்கலாம். 2019 கிராமி மேடையில் கமிலா இதைப் பாடியபோது டிரம்பெட் வாசித்தவர் கியூபாக்காரர் ஆர்துரோ சான்டோவல், அந்த வீடியோவைத் தேடிப் பார்.

கமிலா கபெயோ பிறந்தது ஹவானாவை ஒட்டிய கோஹீமாரில். ஃபிஃப்த் ஹார்மனி குழுவைவிட்டு 2016 டிசம்பரில் வெளியேறினாள். தனிப்பாடகியாக முதல் சிங்கிள் 'க்ரையிங் இன் த கிளப்'; அது கடைசியில் ஆல்பத்திலேயே இடம்பெறவில்லை. 2017 ஆகஸ்டில் விளம்பரத்துக்கென்று சும்மா விட்ட 'ஹவானா'தான் பிய்த்துக்கொண்டு போனது. 'கமிலா' ஆல்பம் 2018 ஜனவரி 12-இல் வந்தது, அதே மாதம் அமெரிக்காவில் இது முதலிடம். கம்பெனிக்காரர்கள் கணக்கு என்றைக்குப் பலித்திருக்கிறது!

ஒத்திகையை ஃபோனில் பதிந்து அனுப்பு. டி செவன் பாரை மட்டும் கவனித்துக் கேட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராஜு