அஸ்வெசும பட்டியல் போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நலன்புரி நன்மைகள் சபைக்கும், பிரதேச செயலகங்களில் இந்தத் திட்டத்தைப் பார்க்கும் உத்தியோகத்தர்களுக்கும் வணக்கம்.

இலங்கையில் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுத்துவந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 2023 ஜூலையில் அஸ்வெசும வந்தது பிழை என்று சொல்ல நான் வரவில்லை. 1995 இல் தொடங்கிய சமுர்த்தியின் பட்டியலில் யார் யார் இருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். கட்சிக்காரரின் மச்சானுக்குக் காசு வாங்கும் சமுர்த்தி முத்திரை இருக்கும், கூலி வேலைக்குப் போகிறவருக்கு இருக்காது. நீங்கள் மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாயும் வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபாயும் கொடுக்கத் தொடங்கினீர்கள். 2025 ஜனவரியில் அவை 17,500, 10,000 என்று கூடின. சமுர்த்தி ஒருநாளும் இவ்வளவு கொடுத்ததில்லை. சரி, நல்லது.

உங்கள் நாலு பிரிவுகளில் மற்ற இரண்டில், அதாவது 5,000 ரூபாயிலும் 2,500 ரூபாயிலும் விழுந்தவர்களைப் பற்றித்தான் இந்த மடல். திட்டம் தொடங்கும்போது பிரிவுக்கு நாலு லட்சம் குடும்பங்கள் என்று கணக்கு வைத்திருந்தீர்கள்.

சமுர்த்தி ஆட்களை எண்ணியது. நாலு பேரோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு 3,500, மூன்று பேருக்கு 2,500, இரண்டு பேருக்கு 1,500. 2022 ஜனவரியில் அந்த 3,500 ரூபாய் 4,500 ஆனது. உங்கள் திட்டம் குடும்பத்துக்கு ஒரே தொகை என்கிறது. அதனால் ஐந்து பேர் சாப்பிடும் ஒரு வீடு 2,500 ரூபாய்ப் பிரிவில் விழுந்தால் 4,500 இலிருந்து நேரே 2,500 ரூபாய்க்கு இறங்கியிருக்கும். இடையில் நாடு இருந்த நிலையும் உங்களுக்குத் தெரியும். 2022 ஓகஸ்டில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ஆனது. அடுத்த மாதம் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முன்பு வந்ததே போதாமல் இருந்த நேரத்தில்தான் அதுவும் குறைந்தது.

குறைந்த காசில் ஒரு வீடு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் ஊர்க் கடைக்காரரைக் கேளுங்கள். முதலில் முட்டையும் பால்மாவும் நிற்கும். பிறகு கருவாடு, பிறகு பிள்ளையின் டியூசன் காசு. அதற்குள் காதில் கிடந்தது அடகுக்குப் போயிருக்கும். உங்கள் கணக்கில் வராத இன்னொன்றும் இருக்கிறது. மாதம் பிறந்தால் முத்திரைக் காசு வரும் என்ற நம்பிக்கையில்தான் கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தார். காசு குறைந்தால் கொப்பியும் சுருங்குகிறது. அப்புறம் மிஞ்சுவது கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர்தான். 2,500 ரூபாய் 2023 டிசம்பரோடு முடியும், 5,000 ரூபாய் 2024 ஜூலையோடு முடியும் என்று முதலில் அறிவித்தீர்கள், பிறகு நீட்டினீர்கள். நீட்டியதற்கு நன்றி. ஆனால் எப்போது நிற்கும் என்று தெரியாத காசை நம்பி யாரும் கடன் கொடுப்பதில்லை.

வடக்கில் போர் நடந்த எங்கள் வன்னியில் இன்னொரு சிக்கல். எந்தக் குடும்பம் எந்தப் பிரிவில் என்று முடிவெடுக்க, கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகள் வைத்திருக்கிறீர்கள். போருக்குப் பிறகு இங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இந்திய வீட்டுத்திட்டத்தில் தலா 5,50,000 ரூபாய் கிடைத்தது. அது போதாமல் கடன்பட்டு வீட்டை முடித்தவர்கள் நிறையப் பேர். கணவரை இழந்து தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அக்காவின் வீட்டில் கல் சுவர், ஓட்டுக் கூரை, மலசலகூடம், மின்சாரம் எல்லாம் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வசதியான வீடுதான். அடுப்பில் என்ன இருக்கிறது என்பதைச் சுவர் சொல்லாது. நன்கொடையில் கட்டிய வீட்டை வருமானத்துக்கு அடையாளமாக எடுத்தால், முகாமிலிருந்து திரும்பி வந்தவர்தான் முதலில் வெட்டுப்படுவார்.

ஆட்சேபனைப் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவருக்குக் காசு கிடைப்பதை இன்னொருவர் எதிர்த்து எழுதலாம் என்று வைத்ததால், வேலிச் சண்டைக்கு அரசாங்கமே கடதாசி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு குடும்பத்தின் தொகை குறைகிறது என்றால் ஒரேயடியாக வெட்டாமல் ஒரு வருடத்தில் படிப்படியாகக் குறையுங்கள். கீழ் இரண்டு பிரிவுகளிலாவது ஆள் கணக்கைத் தொகைக்குள் கொண்டுவாருங்கள். முடிவுத் திகதியை ஆறு மாதம் முன்பே சொல்லுங்கள். வீட்டுத்திட்ட வீடுகளுக்கு வீட்டு நிலைப் புள்ளியைத் தனியாகப் பாருங்கள். மேலே சொன்னவற்றில் எதற்கும் காசில்லை என்று சொன்னாலும், கடைசியாகக் கேட்பதற்குப் பெரிய செலவு இல்லை: பெயர் வெட்டுப்படும், தொகை குறையும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், அந்த 22 இல் எவை எவை காரணம் என்று தமிழில் எழுதிய ஒரு கடிதம் கொடுங்கள். மேன்முறையீட்டில் எதை எழுதுவது என்று கேட்டு வருகிறவர்களுக்கு அப்போதுதான் பதில் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
அயலவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர்,
வன்னி.