பெரியவர் ஒருவர்

அன்புக் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீ தம்பிக்கு அனுப்பியிருந்த, கரீபியன் தீவு ஆன்டிகுவாவின் ரிசார்ட் புக்கிங்கை அவன் எனக்குக் காட்டினான். பிப்ரவரியில் ஏழு இரவு, கடலைப் பார்த்த அறை, சாப்பாடு சேர்த்து, டென்னிஸ் கோர்ட் இலவசம். ஒரே குடும்பம் நடத்துகிற சின்ன இடம் என்று தம்பி சொன்னான். சந்தோஷம். பெரியவர் ஒருவர் என்று போட்டிருந்தது. டைப் அடிக்கும்போது இன்னொருவரை விட்டிருப்பார்கள். அதைக் கேட்க இதை எழுதவில்லை. ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

முதல் விஷயம், காலை பத்து மணிக்கு மேல் கோர்ட்டில் நிற்காதே. டொரன்டோவில் நீ ஆடுவது காற்றடைத்த கூடாரத்துக்குள்ளே, அந்தப் பபுளுக்குள்ளே. அங்கே காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. ஆன்டிகுவா 17 டிகிரி வடக்கில் இருக்கிறது. பிப்ரவரியில் 24லிருந்து 29 டிகிரிக்குள்தான் இருக்கும், நம் ஊரை விடக் குறைச்சல்தானே என்று ஏமாந்துவிடாதே. கிழக்கிலிருந்து ஓயாமல் காற்று அடிக்கும். வியர்வை உடம்பில் நிற்காமல் உலர்ந்துவிடும். எவ்வளவு தண்ணீர் போனது என்று உனக்கே தெரியாது. இரண்டாவது செட்டில் கெண்டைக்கால் பிடிக்கும்போதுதான் தெரியும். சூரியன் ஆறரை வாக்கில் உதிக்கும். ஏழுக்கு இறங்கு, ஒன்பதரைக்கு ஏறிவிடு. மாலையில் என்றால் மூன்றரைக்கு மேல். ஆறு மணி தாண்டினால் சட்டென்று இருட்டிவிடும், கனடா மாதிரி வெளிச்சம் இழுத்துக்கொண்டு போகாது.

முதல் நாள் அரை மணி நேரம் போதும். சர்வை முழு வேகத்தில் போடாதே. பனியிலிருந்து போகிற உடம்பு வெயிலுக்குப் பழக நாலைந்து நாளாவது ஆகும், உனக்கு இருப்பதே ஏழு. ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அறையிலேயே கலக்கி எடுத்துப் போ. முனை மாறும்போதெல்லாம் நாலு மிடறு குடி, தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே. இளநீர் நிறையக் கிடைக்கும், குடி. ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போகிற சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொள். சன்ஸ்கிரீனைப் புறங்கையால் தேய். உள்ளங்கையில் பட்டால் கிரிப் வழுக்கி, ராக்கெட் பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகும்.

ராக்கெட் இரண்டு எடுத்துப் போ. அந்த மாதிரிச் சின்ன இடங்களில் ராக்கெட்டுக்கு நரம்பு கட்ட மெஷின் இருக்கும் என்று நம்பாதே. இரண்டிலும் ஒரே நரம்பு, அதை இழுத்துக் கட்டுகிற டென்ஷனும் ஒன்றே. நீ பபுளில் 50 பவுண்டு வைத்திருக்கிறாய் என்றால் இதற்கு 52 போடச் சொல். சூட்டில் நரம்பு தளரும், பந்துக்குள் காற்று விரியும், இரண்டும் சேர்ந்து பந்து பறக்கும். மாட்டுக் குடலில் செய்கிற நேச்சுரல் கட் நரம்பு வேண்டாம், ஈரக்காற்றில் முறுக்கு விட்டு நார் நாராகிவிடும். ராக்கெட்டைக் கடற்கரை நாற்காலியிலோ கார் டிக்கியிலோ போட்டுவிட்டுக் குளிக்கப் போகாதே. நரம்பு அறுந்தால் மிச்சத்தையும் உடனே வெட்டிவிடு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நீளவாட்டு மெயினும் குறுக்குக் கிராஸும் மாற்றி மாற்றி. அறுந்தபடி வைத்திருந்தால் ஒரு பக்க இழுப்பில் ஃபிரேம் கோணிக்கொள்ளும். கைப்பிடிமேல் சுற்றுகிற ஓவர்கிரிப் நாலு. அந்த வெளிர்நீலத் தூர்னா கிரிப் இருக்கிறதே, அதுதான். ஈரமாக ஆகத்தான் அது பிடிக்கும், மற்றதெல்லாம் வழுக்கும். சீல் உடைக்காத பந்து டின் இரண்டு. டின்னை உடைத்தால் அழுத்தம் இறங்க ஆரம்பித்துவிடும், ஈரக்காற்றில் மேல் ரோமமும் புசுபுசுவென்று ஆகிவிடும். கோர்ட்டில் கூடையில் கிடக்கிற பழைய பந்தைக் கொடுத்தால் ஆட்டத்துக்கு எடுக்காதே, பயிற்சிக்கு மட்டும்.

ஷூ ஹார்ட் கோர்ட் ஷூவே இருக்கட்டும். ஆன்டிகுவாவில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீரைத் தொட்டியில் பிடிப்பதும் கடல்நீரைக் குடிநீராக்குவதும்தான். களிமண் கோர்ட்டுக்கு தினம் தண்ணீர் விட வேண்டும், அங்கே யார் விடுவது? அதனால் பெரும்பாலும் அக்ரிலிக் பூசிய சிமென்ட் தளமாகத்தான் இருக்கும். ஓடுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு போகாதே. குதிகால் உயரம், பக்கவாட்டில் பிடிப்பில்லை, கணுக்கால் மடங்கும். உன் வலது கணுக்கால் ஏற்கெனவே ஒரு தடவை போனது. கடலில் குளித்துவிட்டு அப்படியே ஷூ மாட்டாதே, விரலிடுக்கில் ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். முதலில் ஆட்டம், அப்புறம் கடல்.

போனதும் கோர்ட்டை ஒரு சுற்று நடந்து பார். காற்று மணலைக் கொண்டுவந்து பேஸ்லைனில் போட்டிருக்கும், அதன்மேல் கால் வைத்தால் குண்டுமணிமேல் வைத்த மாதிரி. துடைப்பம் கேட்டு வாங்கித் தள்ளு. உப்புக் காற்றில் நெட் கம்பத்தின் கியர் துருப்பிடித்து நெட் தொய்ந்திருக்கும். ஒரு ராக்கெட்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் இன்னொன்றைக் குறுக்காக, தலையின் அகலம் மேல்நோக்கி நிற்கும்படி வை. நடு நெட்டின் உயரம் அதுதான், 91.4 செ.மீ.க்கு ஏறக்குறைய வரும். சின்ன தூறல் வந்து போகும். கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும், ஆனால் வெள்ளைக் கோடு கடைசியில்தான் காயும், அதில்தான் வழுக்கும். உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கு.

இன்னொன்று, இதை மறக்காதே. மாஞ்சினீல் என்று கடலோர மரம் ஒன்று உண்டு. பச்சை ஆப்பிள் குட்டியாக இருந்தால் எப்படியோ அப்படிக் காய். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழையில் அடியில் ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீரே போதும். காயைக் கடித்தால் தொண்டை வெந்துவிடும். பல தீவுகளில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்து வைக்கிறார்கள், எல்லா மரத்துக்கும் அடித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. வேலி தாண்டிப் பந்து விழுந்தால் அங்கே வேலை செய்கிறவர்களைக் கேட்டுவிட்டு எடு. ஒரு பந்து போனால் போகட்டும்.

இப்போது காற்று. கோர்ட் வடக்கு தெற்காகத்தான் போட்டிருப்பார்கள், நிலம் ஒத்துவந்தால். அப்படியென்றால் காற்று உனக்குக் குறுக்கே வரும். மேற்குக் கோட்டைக் குறிவைத்து அடித்த பந்து வெளியே போகும். கிழக்குக் கோட்டைக் குறிவை, காற்றே அதை உள்ளே தள்ளிக் கொடுக்கும். சர்வுக்குப் பந்தை மேலே தூக்கிப் போடுகிற டாஸை ஒரு சாண் குறை. காற்றில் விலகிய டாஸைத் துரத்தி அடிக்காதே, கையில் பிடித்து மறுபடி போடு. ராக்கெட்டை வீசாதவரை அது ஃபால்ட், அதாவது தவறிய சர்வ், ஆகாது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், நீ துரத்துவாய்.

வெயிலை இடக்கைக்காரி நீ தனியாகக் கணக்குப் போட வேண்டும். உன் டாஸ் இடது தோளுக்கு மேலே போகும். காலையில் நீ வடக்கு முனையிலிருந்து தெற்கே பார்த்து சர்வ் போட்டால் இடது பக்கம் கிழக்கு, சூரியன் நேராகக் கண்ணுக்குள். தெற்கு முனையிலிருந்து போட்டால் தொல்லையே இல்லை. வலக்கைக்காரர்களுக்கு இது அப்படியே தலைகீழ். ஒற்றையரில் பாதி சர்வ் அந்தக் கெட்ட முனையிலிருந்துதான் வரும், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு டாஸைத் தலைக்கு நேரே கொண்டுவா, வேகத்தைக் குறை.

இரட்டையரில் அந்தத் தொல்லையே கிடையாது. ஒற்றைப்படை கேமுக்கு முனை மாறுகிறோம், நாலு கேமுக்கு ஒரு தடவை உன் முறை வருகிறது. கணக்குப் போட்டுப் பார், ஒரு செட் முழுக்க ஒவ்வொருவரும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார்கள். இடக்கையும் வலக்கையும் ஜோடி சேர்ந்தால், காலையில் நீ தெற்கு முனை, துணை வடக்கு முனை. இரண்டு பேர் கண்ணிலும் வெயில் படாது. மாலையில் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். எதிர் ஜோடி வலக்கை வலக்கையாக இருந்தால் அவர்களில் ஒருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருப்பார்.

தனியாகப் போகிறவர்களும் அங்கே ஆடலாம். ஒருவேளை என்றுதான் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல் போகலாம். வரவேற்பறையிலோ கோர்ட் ஓரத்திலோ ஒரு பலகை இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே பெயரை எழுதிவிடு, காலையில் போனால் ஏழு மணி போயிருக்கும். ரவுண்ட் ராபின் வைக்கிறீர்களா என்று கேள். ஜோடி மாறி மாறி ஆடுவது, துணை இல்லாமல் வந்தவர்களுக்காகவே ஏற்பட்டது. குடும்பம் நடத்துகிற இடத்தில் அந்த வீட்டு மனுஷர்களே சாப்பாட்டு மேசைக்கு வந்து விசாரிப்பார்கள். "ஆட ஆள் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல். நாளைக்கே ஒரு வயதான அம்மாவைக் கூட்டி வருவார்கள். அவரை லேசாக நினைக்காதே, தலைக்கு மேலே தூக்கிப் போடுகிற லாபிலேயே உன்னைக் கொன்றுவிடுவார். கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை.

புதிய துணையோடு இறங்கும்முன் இரண்டு கேள்வி. எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்? நடுவில் வருகிற பந்து யாருக்கு? துணை வலக்கை என்றால், நீ இடது பக்கம் நின்றால் நடுப்பந்து இருவருக்குமே பேக்ஹேண்ட், இரண்டு பேரும் விட்டுவிடுவீர்கள். வலது பக்கம் நின்றால் இருவருக்கும் ஃபோர்ஹேண்ட், ராக்கெட்டும் ராக்கெட்டும் மோதும். இரண்டில் எது என்றாலும் முன்பே பேசிவிட வேண்டும். பந்து வந்த பிறகு பேச நேரம் இருக்காது. துணை தப்பு செய்தால் திரும்பிப் பார்க்காதே. அந்தப் பார்வை முதுகில் படும், அடுத்த பந்தும் போகும்.

இதை உனக்கு நான் சொல்லித் தந்ததே இல்லை. பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் செலக்‌ஷனில் உன் பெயரை இரட்டையரிலிருந்து அடித்தது நான்தான், உன் ஜோடியாக ஆடிய அந்த ஈரோட்டுப் பெண் இரண்டு டபுள் ஃபால்ட் போட்டாள் என்று. நீயே விலகிக்கொண்டதாக அவள் வீட்டில் சொன்னேன். தனியாக ஆடினால் யாரையும் நம்பி நிற்க வேண்டாம் என்று உன்னிடம் சொன்னேன். அவள் அப்புறம் உன்னோடு பேசவில்லை, நீயும் ஏன் என்று என்னைக் கேட்கவில்லை. தப்பு செய்துவிட்டேன் கண்ணு. கோச்சாகவும் தப்பு, அப்பாவாகவும் தப்பு. இத்தனை பிள்ளைகளுக்கு இரட்டையர் சொல்லிக் கொடுத்தேன், வீட்டில் இருந்த பிள்ளைக்குக் கொடுக்கவில்லை.

சரி. பத்து மணிக்கு மேல் ஆடாதே. சாயங்காலம் கொசு வரும், முழுக்கைச் சட்டை எடுத்துப் போ. உள்ளூர்ப் பணம் கிழக்குக் கரீபியன் டாலர், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70, மாறாத விலை. விலைப்பட்டியலில் எந்த டாலர் என்று பார்த்துக்கொள். ரிசார்ட் சாப்பாட்டோடு நிறுத்தாதே. ஃபங்கி என்று சோளமாவில் வெண்டைக்காய் போட்டுக் கிண்டுகிற களி, டுகானா என்று சர்க்கரைவள்ளியும் தேங்காயும் சேர்த்து வாழையிலையில் மடித்து வேகவைக்கிற ஒன்று. இரண்டும் அம்மாவுக்குப் பிடிக்கும், எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டு வா. செயின்ட் ஜான்ஸில் பழைய ரெக்ரியேஷன் கிரவுண்டை எனக்காக எட்டிப் பார். 1986இல் கிரிக்கெட் டெஸ்டில் விவ் ரிச்சர்ட்ஸ் 56 பந்தில் செஞ்சுரி அடித்த இடம். கோர்ட்டைத் துடைக்கிற ஆளுக்கும் பந்து பொறுக்கித் தருகிறவருக்கும் கடைசி நாளில் கையில் கொடு. அவர்கள் பெயரை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்.

ஆடும்போது கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அறை லாக்கரில் வைத்துவிடு. சர்வ் போடும்போது மாட்டும், வியர்வையில் அரிக்கும். கழற்றினால் ஒன்றும் ஆகிவிடாது. இதை நான் எழுதியதாக அம்மாவிடம் சொல்லாதே.

நீ காலை ஏழுக்குக் கோர்ட்டில் இறங்கும்போது இங்கே மாலை நாலரை. அந்த நேரம் நான் பிராக்டீஸ் வால் பக்கம் இருப்பேன். போன் சட்டைப் பையில்தான் இருக்கும், சத்தத்தில்தான் வைத்திருப்பேன். ஆடுவதற்கு முன்னால் கூப்பிட்டாலும் சரி, பிறகு கூப்பிட்டாலும் சரி. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் காற்று எந்தப் பக்கம் என்று சொல்.

அப்பா

பி.கு.: மாப்பிள்ளையைக் கேட்டதாக எழுதச் சொன்னாள் அம்மா. எழுதிவிட்டேன்.