கப்பல் பாருக்குக் கூட்டிப்போனவர்களுக்கு

பாம்பன், மண்டபம் ஊர்க்காரர்களுக்கும் எங்களுக்காக ஓடியாடிய எல்லோருக்கும் வணக்கம்.

மதுரையிலிருந்து வந்த எங்கள் ஸ்கூபா கிளப், கடந்த மார்ச்சில், கச்சான் என்ற மேல்காற்று எழும்புவதற்கு முன்பே, மன்னார் வளைகுடாவில் மூழ்கிக் கிடக்கும் கப்பலை (கடல்காரர்கள் பேச்சில் ‘கப்பல் பார்’) பார்த்துவிட்டு நல்லபடியாகக் கரை திரும்பியது. தண்ணீருக்குள் நாங்கள் இருந்தது அரை மணி நேரம்கூட இருக்காது. அதற்காக மேலே பாடுபட்டவர்கள்தான் அதிகம். பெயர் போடக் கூடாது என்று பலர் கறாராகச் சொல்லிவிட்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதலில், அந்தக் காலத்தில் சங்கு குளித்த பெரியவர். எங்களிடம் ஜிபிஎஸ்ஸில் ஒரு புள்ளி இருந்தது. அங்கே போய் நின்றால் கீழே வெறும் மணல். அய்யா சிரிக்கவில்லை, அதற்கே தனியாக ஒரு நன்றி. ராமேஸ்வரம் டிவி கோபுரம் எதற்கு நேராக வருகிறது, தீவின் முனை எங்கே நிற்கிறது என்று இரண்டையும் கண்ணாலேயே கோத்துப் பார்த்து, படகை இன்னும் கொஞ்சம் தெற்கே விடச் சொன்னார். அப்புறம் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தட்டிப் பார்த்தார். "பாறைன்னா பொத்துன்னு நிக்கும் தம்பி. இரும்புன்னா விரல்ல கூசும்." கயிற்றை என் கையில் கொடுத்தார். எனக்கு ஒன்றும் கூசவில்லை. ஆனால் கீழே போனபோது குண்டு கிடந்தது கப்பலின் விலா இரும்பின் மேல்தான்.

பத்துப் பாகம் ஆழம், மீட்டரில் 18. அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. சிலிண்டர் காற்றும் அதற்கேற்ற வேகத்தில் தீரும். படகுக்கார அண்ணன் இதையெல்லாம் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டார். நாங்கள் உள்ளே இருந்த நேரம் முழுக்க, யாரும் தவறிப்போய் இன்ஜினைப் போட்டுவிடாமல் இருக்க, சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது. அவரிடம் வேலை பார்க்கும் தம்பி படகின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து, எங்கள் மூச்சுக் காற்று மேலே வரும் குமிழியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஏறும்போது எங்களில் ஒரு ஜோடி நங்கூரக் கயிற்றை விட்டு விலகிவிட்டது. மேலே வருமுன் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றாக வேண்டும்; நிற்கிற நேரத்தில் நீரோட்டம் தள்ளிக்கொண்டே போகும். தம்பி குமிழி நகர்வதைப் பார்த்துச் சத்தம் போட, அண்ணன் மிதவை கட்டிய நீளக் கயிற்றை நீரோட்டத்தோடு விட்டார். அவர்கள் தலை தூக்கியபோது கயிறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. காசு கொடுத்துப் படகு பிடிக்கலாம், இந்தக் கவனத்துக்கு எதைக் கொடுப்பது?

வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் கேட்ட இடம் வேறு. வனத்துறை அலுவலர் வரைபடத்தை விரித்து, 1986இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா என்பது 21 தீவுகள் மட்டுமல்ல, வெளிப்பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரைக்கும் உள்ள கடலும் அதில் சேரும் என்று விளக்கி, அங்கே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று முணுமுணுத்தோம். அவர் சொன்னதுதான் சரி. அதேபோல, சளி பிடித்திருந்த எங்கள் உறுப்பினர் ஒருவரை மருத்துவர் அம்மா தடுத்து நிறுத்தினார். மூக்கு அடைத்திருந்தால் காதுக்குள் அழுத்தம் சமமாகாது, செவிப்பறை கிழியலாம். அந்த உறுப்பினர் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படகில் இருந்தார். காது நன்றாக இருக்கிறது.

ஆதார் நகல்களை வாங்கிக்கொண்டு, போகும் நேரம் திரும்பும் நேரம் எல்லாம் குறித்துவைத்து, கரை சேர்ந்ததும் போன் போட்டு விசாரித்த கடலோரக் காவல் குழுமத்தினருக்கும் நன்றி. சிலிண்டர் தருவதாக இருந்தவர் முதல் நாள் இரவு கைவிரித்துவிட, தூத்துக்குடியிலிருந்து விடிவதற்குள் வண்டியில் ஏற்றி அனுப்பிய நண்பருக்கு நன்றி என்று ஒரு வரியில் முடிப்பது நியாயமே இல்லை. நேரில் வந்து பேசிக்கொள்கிறோம்.

சோறு போட்ட அக்கா கேட்டது ஒன்றுதான்: "தங்கம் கிங்கம் இருந்துச்சா?" இல்லை அக்கா. ஒரு பெரிய பாய்லர் கவிழ்ந்து கிடந்தது. அந்த ஆழத்தில் சிவப்பு எடுபடாது, துருகூடச் சாம்பலாகத்தான் தெரிந்தது. டார்ச் அடித்ததும் ஒரே காவி. உள்ளே தடியான களவா மீன் ஒன்று, வாடகை கேட்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தது. கப்பலின் பொருள் எதையும் எடுக்கவில்லை. உங்கள் கணவாய்த் தொக்குக்கு முன்னால் அந்தக் களவாவைப் பற்றி நினைக்கவும் நேரமில்லை.

கப்பலில் சிக்கிக் கிடந்த வலையில் கொஞ்சத்தை மட்டும் அறுத்து மேலே கொண்டுவந்தோம். படகுக்கார அண்ணன் முடிச்சைப் பார்த்துவிட்டு நண்டு வலை என்றார், யாருடையதாக இருக்கும் என்றும் யோசித்துக்கொண்டிருந்தார். ஈயமும் மிதவையும் இன்னும் உபயோகப்படும் நிலையில் இருக்கின்றன. அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்கில் கட்டி வைத்திருக்கிறோம், உரியவர் வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கிளப் செயலாளர், எல்லோர் சார்பாகவும்