பலகாரக் கடைக்கு ஒரு கணக்கு

அன்புள்ள வள்ளியப்பா,

கடிதம் கிடைத்தது. காரைக்குடியில் பலகாரக் கடை போடும் யோசனை எனக்கு முழுச் சம்மதம். ஆனால் மாதக் கடைசியில் பெட்டியில் மிஞ்சுவதுதான் லாபம் என்று இருந்துவிடாதே. எவ்வளவு லாபம் வேண்டும் என்பதை முதலில் எழுது. அதற்கு எத்தனை கிலோ போட வேண்டும் என்று பிறகு பார்.

நீ எழுதிய விலைகளை வைத்தே தேன்குழலுக்குப் போட்டுப் பார்த்தேன். விற்பனை கிலோ 400 ரூபாய். அரிசி, உளுந்து, வெண்ணெய், சீரகம் எல்லாம் சேர்த்து 95, எண்ணெய் 50, கேஸ் 15, பிழிகூலி 45, பாக்கெட் 15, நொறுங்கல் 20, ஆக 240. கிலோவுக்குக் கையில் நிற்பது 160. அடுப்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் வரும் செலவு: வாடகை 10,000, நிரந்தர ஆள் 14,000, கரண்ட் 3,000, வட்டி 3,000, உன் சம்பளம் 18,000. மொத்தம் 48,000. உன் சம்பளத்தை விட்டுவிட்டால் வருகிற லாபம் பொய் லாபம். 48,000-ஐ 160-ஆல் வகுத்தால் 300 கிலோ. அதுவரை லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மாதம் 24,000 லாபம் வேண்டுமென்றால் 450 கிலோ போக வேண்டும்.

கல்யாண ஆர்டரில் பத்து சதவீதம் குறைக்கச் சொல்வார்கள். விலையில் 40 ரூபாய்தான் குறைகிறது, ஆனால் கையில் நிற்பது 160-லிருந்து 120 ஆகிவிடும். எல்லா விற்பனைக்கும் அந்தத் தள்ளுபடியைக் கொடுத்தால், அதே லாபத்துக்கு 600 கிலோ பிழிய வேண்டும். பழகிய முகத்துக்காகக் கொடுப்பதானாலும் இதைத் தெரிந்துகொண்டு கொடு.

லாபம் அதிகம் ஒழுகும் இடம் எண்ணெய்ச் சட்டிதான். மாவைக் கிள்ளிப் போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும். காயாத எண்ணெயில் பிழிந்தாலும், ஒரே ஈட்டில் நிறையப் பிழிந்து சூட்டை இறக்கினாலும், தேன்குழல் எண்ணெய் குடிக்கும். அது செலவையும் கூட்டும், சீக்கிரம் சிக்கு வாடையும் வரும். தினமும் சட்டியில் ஊற்றிய எண்ணெயையும் மிச்சத்தையும் எடை போட்டு, குறைந்ததை அன்று எடுத்த கிலோவால் வகுத்து எழுதி வை. அந்த எண் திடீரென்று ஏறினால் அடுப்படியில் போய் நின்று பார்.

தராசையும் கவனி. கிலோவுக்கு 20 கிராம் கூடப் போனால் 450 கிலோவில் 9 கிலோ போய்விடும். விற்றிருந்தால் 3,600 ரூபாய். கடைகளுக்குக் கடன் கொடுத்தால் பழைய பாக்கி தீராமல் அடுத்த சரக்கு இறக்காதே. பேரேட்டில் லாபம் இருந்தாலும் அரிசி வாங்கக் காசு இருக்காது. கல்யாண ஆர்டருக்குச் சாமான் செலவு முழுவதையும் முன்பணமாக வாங்கு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, வாடகை மட்டும் உண்டு. அதனால் திட்டத்தை வருஷத்துக்குப் போட்டு மாதங்களுக்குப் பிரி.

சனிக்கிழமைதோறும் திட்டத்தையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுது. மாதம் முடிந்து பார்த்தால் லாபம் எந்த ஈட்டில் போனது என்று பிடிக்க முடியாது.

மணகோலத்துக்கும் அதிரசத்துக்கும் தனித்தனிக் கணக்குப் போட்டு அனுப்பு. அதிரசத்தில் பாகு பதம் தப்பினால் அந்த மாவே வீணாகும். அதன் சேதத்தைத் தேன்குழலின் நொறுங்கலுக்குப் போட்ட 20 ரூபாயில் அடக்கிவிடாதே.

அன்புடன்,
சொக்கலிங்கம்