கொக்குவில் வேலைத்தளத்துக்கான சீமெந்து வேறிடத்தில் இறக்கப்பட்டமை, கம்பி குறைவாக வழங்கப்பட்டமை தொடர்பான முறைப்பாடு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
29.09.2025

முகாமையாளர் அவர்கட்கு,
கட்டடப் பொருள் விநியோகப் பிரிவு,
யாழ்ப்பாணம்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஆறு ஆண்டுகளாக உங்கள் நிறுவனத்தில் கணக்கு வைத்து சீமெந்து, கம்பி, மணல், சல்லி எடுத்துவரும் கட்டட ஒப்பந்தகாரன். தற்போது கொக்குவில், சாவகச்சேரி, நெல்லியடி ஆகிய மூன்று இடங்களில் எனது வேலைகள் நடக்கின்றன. கொக்குவில் வீட்டின் மேல்தட்டுக் கொங்கிறீட்டுக்காக 11.09.2025 அன்று நான் கொடுத்த கட்டளையை உங்கள் பிரிவு கையாண்ட விதத்தால் எனக்கு நட்டம் ஏற்பட்டது. இதை இருமுறை தொலைபேசியில் தெரிவித்தும் தீர்வு கிடைக்காததால் எழுத்தில் தருகிறேன்.

50 கிலோ சீமெந்து 90 பை, மணல் இரண்டரைக் கியூப், முக்கால் அங்குலச் சல்லி 4 கியூப், ஆறு மீற்றர் நீளத்தில் 10 மில்லிமீற்றர் கம்பி 180, 12 மில்லிமீற்றர் கம்பி 60 என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். அதன் முதல் வரியிலேயே கொக்குவில் வேலைத்தளம் என்று குறித்திருந்தேன். மணலும் சல்லியும் சொன்ன நாளில், சொன்ன அளவில் வந்தன. அவற்றில் எனக்குக் குறை இல்லை.

கம்பி 13 ஆம் திகதி வந்தது. 12 மில்லிமீற்றர் கம்பியை மேசன்மார் எண்ணியபோது 42 மட்டுமே இருந்தன. ஆனால் விலைச்சிட்டையில் 60 க்கும் பணம் போடப்பட்டுள்ளது. உங்கள் அலுவலகத்தில் விசாரித்தபோது, பதிவில் முழுவதும் வழங்கப்பட்டதாகவே உள்ளது என்றார்கள். எங்கள் எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை. உங்கள் லொறியுடன் வந்த நிறைச் சீட்டையே பாருங்கள். அதில் 12 மில்லிமீற்றர் கட்டின் நிறை 224 கிலோ என்று உள்ளது. அந்த அளவுக் கம்பி ஆறு மீற்றருக்கு ஏறத்தாழ 5.33 கிலோ நிற்கும். 60 கம்பியானால் 320 கிலோ வரவேண்டும். 224 கிலோ என்பது 42 கம்பியின் நிறை. கம்பி கட்டும் வேலை நிற்கக்கூடாது என்பதற்காக மிகுதி 18 ஐயும் 15 ஆம் திகதி வேறு கடையில் வாங்கினேன்.

சீமெந்து விடயத்தில் நடந்தது இதனிலும் பாரதூரமானது. 18 ஆம் திகதி காலை கொங்கிறீட் போடுவதாக இருந்தது. முதல் நாள் பிற்பகல் கொக்குவிலில் 50 பை இறங்கியது. மிகுதி 40 பைக்காக அழைத்தபோது, இரண்டாம் லொறி புறப்பட்டுவிட்டது, இரவுக்குள் வந்துவிடும் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தச் சொல்லை நம்பி நான் வேலையாட்களை மறிக்கவில்லை. விடியற்காலையில் பதினான்கு பேரும், வாடகைக்கு எடுத்த கலவை இயந்திரமும் வந்து நின்றார்கள். வங்கிக் கடன் எடுத்து வீடு கட்டும் அந்த ஆசிரியை, இருட்டோடு எழும்பி அத்தனை பேருக்கும் இடியப்பமும் சம்பலும் ஆயத்தம் செய்து வைத்திருந்தார். சீமெந்து மட்டும் வரவில்லை. 50 பையை வைத்துக்கொண்டு பாதித் தட்டைப் போட்டுவிட்டு மிகுதியை மறுநாள் போடலாம் என்று ஒரு தொழில் தெரிந்தவனும் துணியமாட்டான். இறுகிய கொங்கிறீட்டின் மேல் புதியது சேரும் இடம் பலவீனமான பொருத்தாகி, பின்னாளில் அதன் வழியே தண்ணீர் இறங்கும். ஆகவே அன்றைய வேலையை நிறுத்தி, எல்லோருக்கும் அரை நாள் கூலி கொடுத்து அனுப்பினேன்.

அந்த 40 பையும் சாவகச்சேரியில் கிடந்தன. அங்கே அத்திவாரம் வெட்டியிருக்கிறோமே தவிர, கொட்டில்கூட இன்னும் போடவில்லை. அத்திவாரக் கிடங்கின் ஓரத்தில், கீழே ஒரு பலகையும் வைக்காமல், வெறும் மண்ணில் பைகளை அடுக்கிவிட்டு, காவலுக்கு இருக்கும் எழுபது வயது ஐயாவிடம் உங்கள் சாரதி கையெழுத்து வாங்கியிருக்கிறார். அன்றிரவு அங்கே மழை பெய்தது. நான் போய்ப் பார்த்தபோது அடி வரிசையில் ஒன்பது பைகளின் கடதாசி ஈரத்தில் மண்ணோடு ஒட்டியிருந்தது. ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே உள்ளங்கை அளவில் கட்டிகள், விரலால் நசுக்கியும் பொடியாகவில்லை. அப்படிப்பட்ட சீமெந்தை ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் நிற்கும் தட்டில் போட எனக்கு மனம் வராது. மிகுதி 31 பையையும் என் செலவில் லொறி பிடித்துக் கொக்குவிலுக்கு ஏற்றினேன்.

இது சாரதி ஒருவரின் கவனக்குறைவு மட்டும் என்று நான் கருதவில்லை. அவரிடம் இருந்த விநியோகச் சீட்டின் பிரதியைப் பார்த்தேன். அதில் என் பெயரும் கணக்கு இலக்கமும் இருக்கின்றன, வேலைத்தளத்தின் பெயர் எங்குமே இல்லை. உங்கள் எழுதுவினைஞரின் விளக்கப்படி, இடம் கணினியில் குறிப்பாகவே பதியப்படுகிறது. அது சீட்டில் அச்சாவதில்லை. முந்திய வாரம் சாவகச்சேரிக்குச் சாமான் கொண்டுபோன அதே சாரதி, என் பெயரைக் கண்டதும் அங்கேயே கொண்டுபோயிருக்கிறார். ஒரே கணக்கில் மூன்று வேலைத்தளம் நடத்துபவன் நான் ஒருவன் மட்டுமல்லவே.

ஆகவே 18 கம்பிக்கான பணத்தையும், பழுதான ஒன்பது பையின் பெறுமதியையும், லொறிக் கூலி, கலவை இயந்திர வாடகை, அரை நாள் கூலி ஆகியவற்றையும் என் கணக்கில் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பற்றுச்சீட்டுகள், நிறைச் சீட்டின் பிரதி, பைகளின் படங்கள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பணத்தைவிட முக்கியமாக நான் கேட்பது, ஒவ்வொரு வேலைத்தளத்துக்கும் தனிக் கட்டளை இலக்கம் தந்து, இடத்தின் பெயரையும் பொருளைப் பொறுப்பேற்பவரின் பெயரையும் விநியோகச் சீட்டில் அச்சிட வேண்டும் என்பதே. லொறி புறப்படுமுன் அவருக்கு ஓர் அழைப்பு எடுத்திருந்தால் இவ்வளவும் நடந்திராது.

பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் பதில் தரவும். தவறினால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, சட்டம் அனுமதிக்கும் மூன்று மாத காலத்துள் முறைப்பாடு செய்வேன். ஐப்பசி மழைக்கு முன் நெல்லியடியில் முடிக்கவேண்டிய வேலைக்கான கட்டளையும் உங்களிடம் உள்ளது. உங்கள் பதில் கிடைக்கும்வரை அதற்குரிய லொறி எதையும் அனுப்ப வேண்டாம்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
கட்டட ஒப்பந்தகாரர்,
கொக்குவில்.