எழுதிச் சம்பாதித்தது எவ்வளவு, எழுதக் கற்றுத்தந்து சம்பாதித்தது எவ்வளவு?

'வீட்டிலிருந்தே எழுதி மாதம் ஒரு லட்சம்' என்று கோர்ஸ் விற்கும் சக எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். நான் வெளியாள் இல்லை. பதினான்கு வருடமாக விளம்பர வாசகம், மொழிபெயர்ப்பு, யார் யாருக்கோ முகநூல் பதிவு என்று எழுதிப் பிழைப்பவள். உங்களில் மூன்று பேருக்கு, கோர்ஸை விற்கும் சேல்ஸ் பேஜும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்த மடலில் 'நீங்கள்' என்று வருகிற இடத்தில் எல்லாம் என்னையும் கொஞ்சம் சேர்த்தே வாசியுங்கள்.

"மூன்று வருடத்துக்கு முன்னால் என் பாக்கெட்டில் 43 ரூபாய்தான் இருந்தது" என்று தொடங்கும் ஒரு பக்கம் உண்டு. அந்த 43 நான் போட்டது. முதலில் ஐம்பது என்றுதான் எழுதியிருந்தேன். "மேடம், ரவுண்டா போட்டா கதை விடுற மாதிரி இருக்கு, உடைச்சுப் போடுங்க" என்றார் அந்தக் கோர்ஸ்காரர். உடைத்துப் போட்டேன். அவருடைய அப்பாவுக்கு இரண்டு அரிசி ஆலை இருப்பது எனக்குத் தெரியும். ஜிபேயில் பணம் வந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

போன தையில் ஆரணிக்குப் போயிருந்தபோது அக்கா மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"சித்தி, கூகுள்ல இருந்து தபால் வந்தா போஸ்ட்மேன் வீட்டுக்கே கொண்டாந்து குடுப்பாரா, இல்ல நாமதான் ஆபீஸுக்குப் போய் வாங்கணுமா?"

பி.காம். முடித்தவள். கல்யாணமாகி, கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கிறாள். வலைப்பூ எழுதிப் பணம் பண்ணுவது எப்படி என்று உங்களைப் போன்ற ஒருவரிடம் 14,999 ரூபாய் கட்டிப் படித்திருக்கிறாள். கம்மலைக் கூட்டுறவு வங்கியில் வைத்த பணம். அக்காவுக்கு அது இன்னும் தெரியாது. இந்த மடலை அக்கா படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். வகுப்பில் ஒரு நாள் அவர் சொன்னாராம்: "பின் நம்பர் லெட்டர் கையில வந்துட்டா நீங்க ப்ளாகர். அதுக்கப்புறம் பணம் உங்களைத் தேடி வரும்." அந்த லெட்டருக்காகத்தான் காத்திருக்கிறாள். தபால்காரரிடம் இரண்டு முறை கேட்டும்விட்டாள்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். பதினோரு மாதம், 62 பதிவுகள், 6 டாலர் 40 சென்ட். நம் காசுக்கு ஐந்நூற்றுச் சொச்சம். வலைப்பூவில் விளம்பரம் போட்டு அதில் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்தால்தான் முகவரியைச் சரிபார்க்கும் பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். இதெல்லாம் கூகுள் உதவிப் பக்கத்தில் இலவசமாகக் கிடக்கிற விஷயம். 14,999 ரூபாய்ப் பாடத்தில் இந்த 10, 100 இரண்டும் எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் அவள் முதல் மாதமே கணக்குப் போட்டிருப்பாள், அவள் பி.காம். ஆயிற்றே.

அவள் பணம் கட்டிய பக்கத்தையும் காட்டச் சொன்னேன். நான் எழுதியது அல்ல. ஆனால் வாசிக்க வாசிக்க என் கையெழுத்தை வேறு ஒருவர் போட்டதுபோல இருந்தது. ஆரம்பத்தில் கஷ்டம், நடுவில் ஒரு குரு, பிறகு கார். கீழே '47,000 ரூபாய் மதிப்புள்ள போனஸ்', அதற்கும் கீழே சிவப்பில் ஓடும் கடிகாரம்: இந்த விலை இன்னும் 14 நிமிடம் 59 வினாடிக்குத்தான். பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தேன். 14:59. டீ குடித்துவிட்டு வந்து திறந்தேன். 14:59. அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் 99 ரூபாய் வெபினார் ஒன்று நடந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, 'நேரலை'யில். "என் குரல் கேக்குதா? யெஸ்னு டைப் பண்ணுங்க" என்றாராம். இவள் போனில் சத்தம் வரவில்லை. 'கேக்கல சார்' என்று டைப் செய்திருக்கிறாள். கீழே சப்டைட்டில் ஓடியதால் அடுத்து அவர் சொன்னதைப் படிக்க முடிந்ததாம்: "சூப்பர்! எல்லாருக்கும் கேக்குது!" இதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரித்தாள்.

கடிகாரத்துக்கு வருகிறேன். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனையில் கூடாத ஏமாற்று வடிவங்கள் என்று பதின்மூன்றைப் பட்டியலிட்டது. பட்டியலில் முதலாவதே பொய்யான அவசரம். இல்லாத தட்டுப்பாட்டை இருப்பதாகக் காட்டி வாங்கவைப்பது. 'கடைசி 7 சீட்' என்று எழுதுகிறீர்களே, பதிவுசெய்த வீடியோவில் சீட்டுக்கு ஏது கணக்கு? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போட அந்த ஆணையத்தால் முடியும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. யாரும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நாம் எழுதுகிறோம். அந்த நம்பிக்கை வீண் போனதில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் கடிகாரம் என் பெரிய வருத்தம் இல்லை. இனிமேல் சொல்வதுதான்.

ஆறாவது மாதம் அவள் வாட்ஸப் குழுவில் கேட்டிருக்கிறாள், 'சார், வருமானமே வரலையே' என்று. உங்கள் ஆள் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வழி சொல்லியிருக்கிறார். ஒன்று, 49,999 ரூபாய்க்கு 'அட்வான்ஸ் பேட்ச்', வேண்டுமானால் இஎம்ஐ. இன்னொன்று, பார்ட்னர் லிங்க். அந்த லிங்க் வழியாக யாராவது இதே கோர்ஸில் சேர்ந்தால் இவளுக்கு 40 விழுக்காடு, ஆளுக்கு ஏறக்குறைய 6,000 ரூபாய். கல்லூரித் தோழி ஒருத்தியையும் அடுத்த தெரு வீட்டு மருமகளையும் சேர்த்துவிட்டாள். 12,000 ரூபாய் வந்தது.

அடுத்த வாரம் அந்த விற்பனைப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: 'ஆரணியைச் சேர்ந்த இல்லத்தரசி, வீட்டிலிருந்தே 12,000 ரூபாய் சம்பாதித்தார்!' பக்கத்தில் அவள் ஜிபே ஸ்கிரீன்ஷாட். ஒரு எண்கூடப் பொய் இல்லை. எழுதியதில் வந்தது ஐந்நூற்றுச் சொச்சம், எழுதலாம் என்று நம்பவைத்ததில் வந்தது 12,000 என்பதை மட்டும் போடவில்லை. தோழி இப்போது பேசுவதில்லை. அடுத்த தெருப் பெண் பேசுகிறாள், 'உனக்கு எப்பக்கா லெட்டர் வரும்' என்று கேட்பதற்காக.

கொங்குப் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதாக இருக்காது. பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டம் 2012இல் கவிழ்ந்தது. பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தந்து மாதாமாதம் சம்பளமும் தருவோம் என்றார்கள். விளம்பரத்தில் நடிகர்கள் வந்தார்கள். ஈமு கறியை ஊரில் யார் தின்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கறிக்குச் சந்தை இல்லை. சந்தை இருந்தது குஞ்சுக்கு. அடுத்து வருகிற விவசாயி கட்டுகிற பணத்தில் முன்னால் வந்தவருக்குச் சம்பளம் போயிற்று. அக்கா மகள் கையில் இருந்த பார்ட்னர் லிங்க்கும் ஈமுக் குஞ்சுதான்.

பங்குச் சந்தை வகுப்புக்காரர்கள் கதையும் இதேதான், அங்கே கேட்க செபி என்று ஓர் அமைப்பாவது இருக்கிறது. 2023 அக்டோபரில் ஒரு யூடியூபர் மீது செபி இடைக்கால உத்தரவு போட்டது. வகுப்பு, ஆலோசனை என்று அவர் தரப்பு வசூலித்த 17.2 கோடியைத் தனிக் கணக்கில் போடச் சொன்னது. அதே உத்தரவில் இன்னொரு எண்ணும் இருந்தது: 2021 ஜனவரியிலிருந்து 2023 ஜூலை வரை அவருடைய சொந்த வர்த்தகத்தில் 2.89 கோடி நஷ்டம். கற்றுக்கொடுத்த தொழிலில் நஷ்டம், கற்றுக்கொடுத்ததில் கோடி. இந்த இரண்டு எண்ணையும் அவர் தன் பக்கத்தில் அடுத்தடுத்து எழுதியிருந்தால் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்கள்?

எழுத்து வகுப்புக்கு செபி கிடையாது. அதனால்தான் உங்களிடமே கேட்கிறேன். உங்கள் வருமானம் மாதம் மூன்று லட்சம் என்று போடுகிறீர்களே, அதில் எழுதி வந்தது எவ்வளவு, இந்த வகுப்பை விற்று வந்தது எவ்வளவு? இரண்டையும் தனித்தனியாகப் பக்கத்தின் மேலேயே போடுங்கள். முதல் பேட்ச்சில் இருந்தவர்களில் ஒரு வருடம் கழித்து எத்தனை பேருக்கு, கோர்ஸை விற்காமல், கட்டிய பணமாவது திரும்பியது என்று அதற்குக் கீழே ஒரு வரி. வேறு எதையும் மாற்ற வேண்டாம். அந்த 43 ரூபாய்கூட இருந்துவிட்டுப் போகட்டும்.

உழைக்காதவர்கள்தான் தோற்கிறார்கள் என்பீர்கள். அவளுக்கும் அதுதான் பதில் வந்தது: 'உங்க மைண்ட்செட் மாறணும் சிஸ்டர்.' குழந்தை தூங்கிய பிறகு ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து 62 பதிவு எழுதியவளிடம் சொன்னது இது. அவளும் அதை நம்புகிறாள். தப்பு தன்னுடையது, இன்னும் நூறு பதிவு எழுதியிருக்க வேண்டும் என்கிறாள். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். வீட்டில் ஒரு தறி இருக்கிறது. அவள் அம்மா சேலையை நெய்து அறுத்துக் கொடுத்தால் கூலி வருகிறது, குறைச்சலோ என்னவோ. நெய்தும் கூலி வராவிட்டால் கேட்க வேண்டியது யாரை என்று அக்காவுக்குத் தெரியும், மைண்ட்செட்டைப் பார்க்கமாட்டாள்.

கிண்டில் கோர்ஸ்காரர்களுக்கும் ஒரு சின்னக் கணக்கு. 49 ரூபாய் மின்னூலுக்கு 35 விழுக்காடு ராயல்டி என்றால் 17 ரூபாய். மாதம் ஐம்பதாயிரம் வர 2,900 பிரதிக்கு மேல் போக வேண்டும், ஒவ்வொரு மாதமும். ஆயிரம் பிரதி அச்சடித்துவிட்டு மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் தமிழ் எழுத்தாளர் யாரையாவது கேளுங்கள், சிரிப்பார்.

கற்றுக்கொடுத்துக் காசு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவள். இரும்பு மெஷின், காலை ஆறு மணி வகுப்பு, ஏ-எஸ்-டி-எஃப். முதல் நாளே மாஸ்டர் சொல்லிவிட்டார்: "லோயர் பாஸ் பண்ண வைக்கிறது என் பொறுப்பு, வேலை கிடைக்கிறது உன் பாடு." தெருவுக்குத் தெரு இருந்த அந்த இன்ஸ்டிட்யூட்டுகளில் எதுவும் 'மாதம் லட்சம்' என்று போர்டு வைத்து நான் பார்த்ததில்லை. மாஸ்டருக்கு வருமானம் ஃபீஸிலிருந்து வருகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை அவர் மறைக்கவும் இல்லை. ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதவும், பில் போடவும், தராத வாடிக்கையாளரிடம் பணம் வாங்கவும் சொல்லித்தந்து இரண்டாயிரம் கேளுங்கள், நானே ஆள் சேர்த்துவிடுகிறேன். கமிஷன் இல்லாமல்.

கேட்கிறவள் முதலில் தன் கணக்கைக் காட்ட வேண்டும் இல்லையா. கடந்த நிதியாண்டில் என் வருமானம் 3,84,000 ரூபாய். மொழிபெயர்ப்பில் 2,10,000. விளம்பர வாசகம், பதிவுகள் 1,20,000. உங்களுக்கு எழுதிய சேல்ஸ் பேஜ்களில் 54,000.

கடைசித் தொகையிலிருந்து 44,997 ரூபாயை ஆரணிக்கு அனுப்பியிருக்கிறேன், மூன்று பேருக்கு, ஆளுக்கு 14,999. தோழி மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. அது அக்கா மகளிடமே இருக்கிறது. கம்மல் மீட்டாயிற்று.

இப்படிக்கு,
43 ரூபாய் போட்டவள்